ஓரத்தில் தைத்த காந்தம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள தாமரை அக்காவுக்கு,

அமுதவள்ளி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். மழை வந்தால் அம்மாவுக்கு முட்டி வலியும் கூடவே வந்துவிடுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை. ஸ்வீடனில் உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போன ஞாயிறு நாங்கள் ரயில் ஏறி கிளாங்கிற்குப் போய்ப் பெரியம்மாவைப் பார்த்தோம். நன்றாக இருக்கிறார். மகளைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு டீ கூடப் போட முடியவில்லை.

மாதம் ஒரு கடிதமாவது தமிழில் எழுது, எனக்கும் தமிழ் துருப்பிடிக்காமல் இருக்கும் என்று விமான நிலையத்தில் சொன்னீர்கள். என் நாளில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் விஞ்ஞானிக்கு எழுதும் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

சேலைக் கடையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. ஓரம் அடிப்பதும் ஃபால்ஸ் வைப்பதும் இப்போது முழுக்க என் வேலை. முதலாளி சீதாலெட்சுமி ஆன்டி என்னைக் கவுன்டரில் நிற்கச் சொல்வதில்லை. போன வாரம் கூட்டமாக இருந்ததால் நிற்க வேண்டியதாகிவிட்டது. ஒரு கஸ்டமர் ஆன்டி, "சொந்தக்காரவங்க யாரும் படிச்சவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். எனக்கு உங்கள் நினைவு வந்து, "அக்கா சூரியன்ல வேலை செய்றாங்க" என்று சொல்லிவிட்டேன். லோகன் அண்ணன் துணி மடித்துக்கொண்டே, "சூரியன்லயா? அப்ப நைட் ஷிப்டுதான் லா. பகல்ல போனா சுட்டுடுமே!" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நான் தையல் மிஷினுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதனால் அக்கா, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று எனக்குப் புரியும்படி எழுதுங்கள். இன்னொரு தடவை யாராவது கேட்டால் சரியாகச் சொல்ல வேண்டும்.

தீபாவளிக்காக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை, நீலக் கல் வைத்த புரோச். எங்கள் கடை வழக்கப்படி சால்வைக்கு நானே ஓரம் மடித்துத் தைத்தேன். என் தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே தெரியாது என்பார் ஆன்டி. புரோச்சில் ஊசி கிடையாது. எப்படி நிற்கிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

உங்கள் தங்கை,
அமுதவள்ளி


ஸ்வீடன்
6 அக்டோபர் 2024

அன்புள்ள அமுதா,

உன் கடிதத்தை ஒரு தடவை நின்றுகொண்டே படித்தேன், இன்னொரு தடவை உட்கார்ந்து படித்தேன். நான் நலம். சித்திக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? பார்சல் இன்னும் வரவில்லை. இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது.

என் வேலையைக் கேட்டிருக்கிறாய். சூரியனிலிருந்து எப்போதும் ஒரு காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. நம் காற்று மாதிரி இல்லை, மின்னூட்டம் உள்ள மிக நுண்ணிய துகள்கள். அந்தக் காற்று சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சில நாள் சூரியன் வெடித்து ஒரு பெரிய மேகத்தையே துப்பும். அந்த மேகத்துக்குள் காந்தப்புலம் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும். அது தெற்குப் பக்கம் பார்த்திருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு கோத்துக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். மின்சாரம், செயற்கைக்கோள் எல்லாம் தடுமாறும். வடக்குப் பக்கம் பார்த்திருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது நம் விண்கலத்தைத் தொடும்வரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. விண்கலம் பூமிக்கு முன்னால் வெகுதூரத்தில் காவலுக்கு நிற்கும். அது சொன்ன பிறகு நமக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், சில சமயம் அதைவிடக் குறைவு.

அந்தத் திசையை அளக்கும் காந்தமானியைத்தான் நாங்கள் செய்கிறோம். கஷ்டம் எங்கே தெரியுமா? திசைகாட்டி முள்ளைத் திருப்புகிற பூமியின் காந்தம் ஐம்பதாயிரம் என்றால், சூரியக் காற்றில் இருப்பது வெறும் ஐந்து. விண்கலத்தில் காந்தம் ஏறிய ஒரு சின்னத் திருகாணி இருந்தால் போதும், கருவி சூரியனை விட்டுவிட்டுத் திருகாணியை அளக்கும். தெற்கை வடக்கென்று சொல்லிவிடும். அதனால்தான் கருவியை நீளமான ஒரு கம்பின் நுனியில் வைக்கிறோம், விண்கலத்தைவிட்டுத் தள்ளி.

சோதனை செய்வது காட்டுக்குள் ஒரு மரக்குடிலில். அதில் இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் பித்தளை. வாசலில் அசாருதீன் அண்ணன் நிற்பார். நாகூர்க்காரர், ஒப்பந்தத்தில் வந்திருக்கும் டெக்னீஷியன், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் எல்லாம் இருக்கும் எங்கள் கருவித் தட்டு முழுக்க அவர் பொறுப்பு. "வாங்க டாக்டரம்மா! வளையல், ஹேர்பின், பெல்ட்டு, போனு, எல்லாத்தையும் கழட்டுங்க" என்பார். "நான் இன்னும் டாக்டர் ஆகல அண்ணே" என்றால், "ஆனதுக்கப்புறமும் கழட்டத்தான் வேணும்" என்பார். நேற்று நான் "போலாம் லா" என்றேன். "போலாம்ல, அது சரி. கடைசில ஒரு கால் எதுக்குங்க போடுறீங்க?" என்று சிரித்தார். இந்த ஊரில் என்னிடம் தமிழ் பேசுகிற ஒரே மனிதர் அவர்தான்.

லோகனிடம் சொல், எங்களுக்கு ஷிப்டே கிடையாது என்று.

அன்புடன்,
தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்குச் சளி இருமல் எல்லாம் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன். தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள்தான். ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் நடக்கவே முடியவில்லை, முறுக்கு வாசனையும் ஹாரன் சத்தமுமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. புரிந்த பிறகு கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

கடையில் நடந்ததை எழுதுகிறேன். பந்திங்கிலிருந்து ஒரு மலாய்க்கார அக்கா தலையில் போடும் சால்வையோடு வந்தார். புரோச்சோடு வரும் காந்தம் கழன்று விழுந்து தொலைந்துவிடுகிறதாம். "அடேக், ஜாஹிட் டாலம், போலே?" என்று கேட்டார், உள்ளே வைத்துத் தைத்துத் தர முடியுமா என்று. எங்கள் கடையில் அதுதான் வழக்கம். பொட்டு அளவு காந்தத்தை ஓர மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டால் தொலையாது. மேலே புரோச்சை வைத்தால் ஒட்டிக்கொள்ளும், துணியில் ஓட்டை விழாது. நான் தைத்துக் கொடுத்ததை அந்த அக்கா தடவித் தடவிப் பார்த்தார். காந்தம் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை. "பாண்டாய்" என்று என் கன்னத்தைத் தட்டினார். யாராவது என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு இல்லை.

சால்வை கிடைத்துவிட்டதா அக்கா? கிடைத்தால் வீட்டில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். அழுக்காகிவிடும்.

தீபாவளி வாழ்த்துகள்.

அமுதவள்ளி


ஸ்வீடன்
1 டிசம்பர் 2024

அன்புள்ள அமுதா,

நலம். நீங்கள் நலமா? சித்தி அனுப்பிய தீபாவளிப் பலகாரம் கிடைத்தது, நொறுங்கியிருந்தாலும் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

சால்வையும் கிடைத்தது. நல்ல வெதுவெதுப்பு. வீட்டில்தான் வைத்திருக்கிறேன்.

இங்கே பிற்பகலிலேயே இருட்டிவிடுகிறது. வேலையும் அப்படித்தான். கருவி இப்போது சரியான எண்ணைக் காட்டுவதில்லை. குடிலுக்குள் காந்தப்புலத்தைச் சுழியாக்கி வைத்தாலும் மூன்று என்கிறது, நான்கு என்கிறது. ஏதோ ஒரு பாகத்தில் காந்தம் ஏறியிருக்கிறது. எது, எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. பாகம் பாகமாகக் கழற்றித் தேடுகிறார்கள். அசாருதீன் அண்ணன் வெள்ளிக்கிழமைதோறும் தட்டில் உள்ள எஃகுச் சாமான் எல்லாவற்றுக்கும் காந்தம் நீக்கி வைப்பார், அதனால் இப்போது தட்டில் சோதித்தால் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் தட்டு அவர் பொறுப்பு. எங்கள் குழுத் தலைவி கூட்டிய கூட்டத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் இப்போது வாசலில் வேடிக்கை பேசுவதில்லை.

அதிகம் எழுத நேரமில்லை. சித்தியைக் கேட்டதாகச் சொல்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
29 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

போன வாரம் கடையில் ஒரு காரியம் செய்தேன். ஒரு சால்வையின் ஓரத்தில், காந்தம் இருக்கும் இடத்தில், பெரிய கத்தரிக்கோலை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கத்தரிக்கோல் போகிற இடமெல்லாம் குண்டூசி தொங்குகிறது. லோகன் அண்ணன் துணி வெட்டப் போய், "யாருலா இதுக்குச் சோறு போட்டது? ஊசியெல்லாம் தின்னுது!" என்று கத்தினார். ஆன்டி எல்லோரையும் கேட்டார். அவர் கேட்பதை நிறுத்தும்வரை குனிந்து தைத்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா, நான் உங்களிடம் நேராகச் சொல்கிறேன். உங்கள் சால்வையின் ஓரத்திலும் காந்தம் இருக்கிறது. இடது பக்க மூலையில் நான்தான் வைத்துத் தைத்தேன். உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, அது உங்கள் இடத்துக்குப் போகக் கூடாத பொருள் என்று. அன்றே அம்மா போனில் ஒரு செய்தி போட்டிருக்கலாம். விஞ்ஞானிக்கு நான் காந்தத்தைப் பற்றிப் பாடம் சொல்வதா, அவர் சிரிக்க மாட்டாரா என்று வெட்கப்பட்டு, அழுக்காகிவிடும் என்று எழுதினேன்.

நீங்கள் அதைக் குடிலுக்குப் போட்டுக்கொண்டு போனீர்களா?

இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அமுதவள்ளி


ஸ்வீடன்
22 ஜனவரி 2025

அமுதா,

நலம். பொங்கல் வாழ்த்து தாமதமாகிவிட்டது.

உன் கடிதம் வந்தது. நீ எதையோ படித்துவிட்டு எதையோ கற்பனை செய்கிறாய். இங்கே நடப்பது கத்தரிக்கோலும் குண்டூசியும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள வருடக்கணக்கில் படிக்க வேண்டும், நீ பள்ளிக்கூடத்தையே முடிக்கவில்லை. இதைப் பற்றிச் சித்தியிடமோ என் அம்மாவிடமோ பேசாதே.

அசாருதீன் அண்ணனின் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு. அது என் கையில் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
9 மார்ச் 2025

அன்புள்ள தாமரை அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். பதில் எழுத இத்தனை வாரம் ஆனதற்கு மன்னிக்கவும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

பள்ளிக்கூடத்தை நான் முடிக்கவில்லை என்பது உண்மைதான். அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் "இல்லை" என்ற வரியைத் தேடினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

தைப்பூசம் கழிந்த ஞாயிறு கிளாங்கிற்குப் போனோம். பெரியம்மா உங்கள் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மரக்குடில் வாசலில் நீங்கள் நிற்கிறீர்கள். பின்னால் பனி. கழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறச் சால்வை. புரோச் இல்லை. பெரியம்மா என் தோளைப் பிடித்துப் படத்துக்கு நேராக நிறுத்தி, "பாத்தியாடி? நீ தெச்சது எங்க போயிருக்குன்னு! படிக்காட்டி என்ன, உன் கைவேல அங்க வரைக்கும் போயிருக்கு" என்றார். பக்கத்து வீட்டு லோகேஸ்வரி ஆன்டியும் வந்து பார்த்தார். "யாரு தெச்சது, இந்தப் பிள்ளையா? இது பேசவே பேசாதே!" என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. என்னால் படத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவது போல அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

அக்கா, உங்களை வைத்துத்தான் எனக்குக் கடையில் ஒரு மரியாதை. நானே என்னை மதிப்பதும் உங்களை வைத்துத்தான். தாமரை அக்காவின் தங்கை என்று. அதனால்தான் இது எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

அசாருதீன் அண்ணனை நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் ஒருவரைப் பார்க்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் படிவத்தில் மலாய்ப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வார்த்தையில் நாக்கு நின்றுவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடத்தை விட்டது அந்தப் பார்வைக்குப் பயந்துதான். வீட்டில் எல்லோரும் எனக்குப் படிப்பு ஏறவில்லை என்று நினைக்கிறார்கள். நான் ஒரு தப்பும் செய்யாமலே அப்படி ஆனது. அவரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

மார்ச் முடிவதற்குள் அவரிடமும் உங்கள் தலைவியிடமும் சொல்லுங்கள். உங்கள் பெயரைச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். ஊரில் படிக்காத தங்கை ஒருத்தி இருக்கிறாள், தெரியாமல் உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள், எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லுங்கள். எனக்கு வெட்கம் பழக்கம்தான். உங்களுக்குப் பழக்கமில்லை.

அமுதவள்ளி


ஸ்வீடன்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அமுதா,

நாளைக்குப் புத்தாண்டு. நீயும் சித்தியும் சுகமாக இருக்க வேண்டும். நான் எப்படி இருக்கிறேன் என்று தெரியவில்லை, அதனால் நலம் என்று எழுதவில்லை.

உன் கடிதம் மார்ச் முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் கிடைத்தது.

நவம்பரில் ஒரு நாள் குடிலில் கடும் குளிர். புரோச்சை வீட்டிலேயே விட்டுவிட்டேன், அது உலோகம் என்று தெரியும், எப்படி நிற்கிறது என்று மாட்டிப் பார்த்ததே இல்லை. சால்வையைக் கழற்றப் போனேன். அசாருதீன் அண்ணன், "துணிதானே டாக்டரம்மா, நடுங்குறீங்க, போட்டுக்கங்க" என்றார். உள்ளே வேலை செய்யும்போது சால்வை தடுத்தது. மடித்துக் கருவித் தட்டின் மேல் வைத்தேன். திரும்ப எடுத்தபோது ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அதோடு மேலே வந்தது. மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது, அமுதா. புரியாமல் செய்தேன் என்று சொல்லவே முடியாது. ஸ்க்ரூ டிரைவரைப் பிய்த்துத் தட்டில் போட்டேன். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். தலைவி உள்ளே வந்தார். மூடிக்கொண்டேன். அன்று பிற்பகல் அண்ணன் அதே ஸ்க்ரூ டிரைவரால்தான் கருவிப் பிடிமானத்தின் திருகாணிகளை முடுக்கினார். நான் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தேன்.

மறுநாள் வெள்ளி. அவர் வழக்கம்போல் எல்லாவற்றையும் காந்தம் நீக்கிவிட்டார். அப்புறம் என்னைத் தவிர யாருக்கும் தெரிய வழியில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம் என்று உட்கார்ந்திருந்தேன். உனக்கு அந்தக் கேவலமான கடிதத்தை எழுதிய அன்று, நீ சொன்ன மூலையைப் பிரித்தேன். உன் தையலைப் பிரிக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

தலைவியிடம் போனேன். உன்னைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். "ஊரில் எனக்கு ஒரு தங்கை, அதிகம் படிக்காதவள்" என்றேன். அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. அதைப் பார்த்ததும் என்னால் மேலே போக முடியவில்லை. நிறுத்தினேன். "அவள் சரியாகத்தான் தைத்தாள். மறைத்தது நான்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "எந்த நாள்? எந்த ஸ்க்ரூ டிரைவர்?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த நான்கு திருகாணிகளையும் அவற்றின் வளையங்களையும் மாற்றினார்கள். கருவி சுழியைக் காட்டியது. ஒரு குளிர்காலம் முழுக்கத் தேடியது ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. பிறகு தலைவி என்னைக் கூப்பிட்டு, காந்தம் உள்ளே வருவது யாருக்கும் நடக்கும், ஆனால் இனி நீ சொல்லும் எண்ணை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். கருவி வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பட்டப்படிப்பு தொடரும், வேறு குழுவில். அது சரியான தண்டனைதான்.

அண்ணன் தன் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன். வெகுநேரம் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிராமல் சொன்னார்: "இருபது வருசமா இந்தக் கைய வச்சித்தான் சோறு. நாலு மாசமா எங் கையையே நான் நம்பலங்க. டீ கிளாஸ எடுக்கறப்பக்கூட, இத எங்க வச்சோம், எத்தத் தொட்டோம்னு யோசிக்கிறேன். வேலைய விடுங்க. அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் டாக்டரம்மா என்று சொல்லவில்லை. பெயரும் சொல்லவில்லை.

தவறு அவருடையது இல்லை என்று எல்லோருக்கும் தலைவி எழுதிவிட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதாகவும் சொன்னார். அண்ணன், யோசிக்க வேண்டும் என்று சொல்லி ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அவர் நாகூர் போன் எண் கீழே இருக்கிறது. நீ கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அம்மா மாட்டியிருக்கும் படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
18 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பெரியம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார், இப்போது சாப்பிடுகிறார். "எம் பொண்ணுதான் சொன்னா, வேற யாரும் வந்து சொல்லல" என்று லோகேஸ்வரி ஆன்டியிடம் அவரே சொன்னாராம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருக்கிறது என்றுதான் எழுதுவேன். அது போகும்போது சொல்கிறேன். அதுவரை கடிதம் நிற்க வேண்டாம்.

நாகூர் எண்ணுக்கு நேற்று மத்தியானம் கூப்பிட்டேன். வீட்டில் அம்மா இருப்பார் என்று கடையிலிருந்தே கூப்பிட்டேன். சனிக்கிழமைக் கூட்டம். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். "யாருங்க?" என்றார். பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் வைத்துவிடவில்லை. பின்னால் கடல் சத்தமோ லாரிச் சத்தமோ கேட்டது. "டாக்டரம்மா தங்கச்சியா?" என்று அவரே கேட்டார். "ஆமா அண்ணே" என்றேன். திரும்பிப் போகப் போவதில்லை என்றார். ஊரில் படகு எஞ்சின் வேலை எடுத்திருக்கிறாராம். "அங்கயிருந்து கடுதாசி வந்துருச்சும்மா, எம் பேரு சுத்தம்னு. வீட்ல எல்லாருக்கும் படிச்சுக் காமிச்சாச்சு. அது போதும். உங்க அக்காகிட்ட சொல்லிடு, நான் வரலன்னு அவுங்க இன்னும் கொஞ்சம் அழ வேணாம்" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். "மன்னிச்சிடுங்க அண்ணே. உள்ள காந்தம் வச்சித் தெச்சது நான்தான். தெரிஞ்சதும் உடனே சொல்லாம விட்டதும் நான்தான்." எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"லைன் சரியில்லம்மா," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."

கடையில் பதினைந்து பேராவது இருந்தார்கள். லோகன் அண்ணன் ஒரு கல்யாணப் பட்டுச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தமாகச் சொன்னேன். முழுவதையும், ஒரு வார்த்தை விடாமல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லோகன் அண்ணன் கையில் பட்டு அப்படியே நின்றது. நான் உட்காரவில்லை. நாக்கு ஒரு இடத்தில் நின்றது, திரும்பவும் அந்த இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன்.

அசாருதீன் அண்ணன் சொன்னார்:

"மொதத் தடவையே கேட்டுச்சும்மா. அங்க நாலு மாசமா, 'நான்தான்'னு யாராச்சும் சொல்லுவாங்களான்னு காத்துக் கெடந்த வார்த்த. அதான் ரெண்டு தடவ கேட்டேன்."

உங்கள் தங்கை,
அமுதவள்ளி